ரோட் ஃபைட்டர் கேட்ரிட்ஜ்: லேபிள் ஒரு விலை சொல்லும், போர்டு வேறு விலை சொல்லும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் 'டிவி கேம்' என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கோல்டன் சைனாதான். நின்டெண்டோவின் ஜப்பானிய கேம் எந்திரமான ஃபேமிகாமை நகலடித்து வந்த எந்திரம். 'இத்தனை ஆயிரம் கேம் ஒரே கேட்ரிட்ஜில்' என்று அதில் செருகிய சரக்கில், பெட்ரோல் தீர்வதற்குள் சிவப்புக் காரை எல்லைக்கோடு வரை கொண்டுபோக வேண்டிய ஆட்டம் ஒன்று அநேகமாக இருக்கும். அதுதான் கொனாமியின் ரோட் ஃபைட்டர். அன்றைக்கு அதை ஆடிய பிள்ளைகள் இன்றைக்குச் சம்பாதிக்கிறவர்கள், தேடி வாங்குகிறவர்கள். விற்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஃபேஸ்புக் விற்பனைகளில் 'ரேர்', 'ஒரிஜினல்' என்ற இரண்டு சொல்லுக்கும் பஞ்சமே இல்லை. அந்தச் சொற்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் சரக்கின் பிறப்பு. ரோட் ஃபைட்டர் 1984இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்தில் வந்தது. 1985இல் ஜப்பானில் ஃபேமிகாமுக்கு வந்தது. ஐரோப்பாவில் என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) கேட்ரிட்ஜாக 1992இல்தான் வந்தது. கொனாமி ஐரோப்பாவில் வைத்திருந்த இன்னொரு பெயரான பால்காம் வெளியிட்டது. அமெரிக்காவில் என்இஎஸ்ஸுக்கு அது வரவே இல்லை. ஆகவே 'அமெரிக்க என்இஎஸ் ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால் அது பிற்காலத்தில் ஒருவர் செய்த நகல், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இங்கே கைமாறுபவை மூன்று: ஜப்பான் ஃபேமிகாம் கேட்ரிட்ஜ், பால்காம் என்இஎஸ் கேட்ரிட்ஜ், மூன்றாவதாக நம் ஊரில் நாம் எல்லோரும் ஆடிய திருட்டுப் பதிப்பு.

ஆட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பி பட்டனில் வேகம் 224 வரை, ஏ பட்டனில் 400 வரை. மஞ்சள் கார் நேரே போகும்; சிவப்பு திடீரென்று தடம் மாறும்; நீலக் கார் நம்மைத் தேடி வந்து இடிக்கும்; லாரியில் பட்டால் வெடிதான். பல வண்ணத்தில் மினுக்கும் காரைத் தொட்டால் பெட்ரோல் ஏறும். வேறு கார் இடித்து நம் கார் வழுக்கினால், எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அழுத்தினால் மீட்டுவிடலாம். இதைத் தெரியாமலே முழு விடுமுறையையும் ஆடித் தீர்த்தவர்கள் உண்டு. ஃபேமிகாமில் நான்கே கட்டங்கள். இன்றைக்கு உட்கார்ந்தாலும் அரைமணி நேரம் அலுக்காது. ஒரு மணி நேரம் தாங்குமா என்றால் சந்தேகம். ஆட்டமாக இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், பெரிய மதிப்பெண் கொடுக்க முடியாது.

பலர் கவனிக்காத விஷயம் வேறொன்று. ஜப்பான் ஃபேமிகாம் வினாடிக்கு 60 படம் ஓட்டும். தென்னாப்பிரிக்க டிவிக்காக வந்த நகல் எந்திரம் 50 படம்தான் ஓட்டும். இந்த ஆட்டத்தில் சாலை நகர்வதும் பெட்ரோல் குறைவதும் படக் கணக்கிலேயே நடப்பதால், நாம் இங்கே ஆடியது ஜப்பானியர் ஆடியதில் ஆறில் ஐந்து பங்கு வேகம். ஜப்பான் கேட்ரிட்ஜை ஜப்பான் ஃபேமிகாமில் போட்டால் கார் பறக்கும். 'இது நான் ஆடிய ஆட்டம் இல்லையே' என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் இதைத்தான் உணர்கிறார்கள், கேட்ரிட்ஜில் கோளாறு எதுவும் இல்லை. அதே கேட்ரிட்ஜைக் கோல்டன் சைனாவில் செருகினால் பழைய வேகம் திரும்பிவிடும். இரண்டிலும் 60 பின் துளைதான், மாற்றுக்கருவி எதுவும் வேண்டாம்.

இனி ஒவ்வொன்றாக.

ஜப்பான் ஃபேமிகாம் கேட்ரிட்ஜ்தான் காசுக்கு ஏற்ற பொருள். ஜப்பானில் இது அரிய சரக்கு இல்லை. பெட்டி இல்லாத வெறும் கேட்ரிட்ஜ் மலிவாகவே கிடைக்கும்; அட்டைப்பெட்டியும் கையேடும் சேர்ந்தால் விலை பல மடங்காகும். சேமிப்பு வசதி இல்லாத ஆட்டம் என்பதால் உள்ளே பேட்டரி கிடையாது. பேட்டரி கசிந்து போர்டு அரிப்பதோ பேட்டரி மாற்றிய தடயமோ இதில் இருக்கவே கூடாது. போர்டில் வட்ட பேட்டரி இருந்தால் வேறு ஆட்டத்தின் போர்டில் இதை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

நிஜமா போலியா என்று பார்க்க லேபிளை நம்பக் கூடாது. லேபிள் அச்சடிக்க ஒரு நல்ல பிரிண்டர் போதும். கேட்ரிட்ஜைத் திருப்பி, கீழே தெரியும் பின் வரிசையைப் பாருங்கள். பக்கத்துக்கு முப்பது. நிஜச் சரக்கில் தங்கப் பூச்சு ஒரே நிறமாக, விளிம்பு சாய்வாகச் சீவி இருக்கும். திருட்டுப் பதிப்பில் பூச்சு மெல்லியது. நடுவில் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும், விளிம்பு வெட்டிய மரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். திறந்து பார்க்க முடிந்தால் போர்டில் அச்சிட்ட எழுத்து, ஈயப் பற்றின் ஒழுங்கு, பக்கத்தில் காய்ந்து மஞ்சளான பிசின் இருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். சிப்பின் மேல் மெழுகு போன்ற கறுப்புச் சொட்டு இருந்தாலே போலி என்று ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் ஜப்பானின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் சிலவும் சிப்பை அப்படி மூடியதுண்டு. மெழுகோடு மட்டமான பூச்சும், பெயரே இல்லாத போர்டும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் உறுதியாகும். இன்னொன்று: ஃபேமிகாம் கேட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் திருகாணி இல்லாமல் கொக்கியால் பூட்டியவை. திருகுளியால் நெம்பினால் ஓரத்தில் வெள்ளைத் தழும்பு விழும், அது அப்படியே விலையைத் தின்னும். வாங்குமுன் திறக்கச் சொல்லி விற்பவரை வற்புறுத்துவதை விட, பின் வரிசையின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்வது இருவருக்கும் நல்லது.

பால்காம் என்இஎஸ் பதிப்புதான் விலை கூடியது. தாமதமாக வந்தது, ஐரோப்பாவுக்கு மட்டும் வந்தது, அதனால் பெட்டியோடு முழுதாக வெளியே வருவது குறைவு. காசு அதிகம் என்பதால் ஏமாற்றும் அதிகம். இங்கே உள்ளே பார்க்காமல் வாங்கவே கூடாது. என்இஎஸ் கேட்ரிட்ஜின் திருகாணிக்கு 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருகுளி வேண்டும். பழைய கேம் பழுதுபார்ப்பவர் எவரிடமும் இருக்கும். திறந்தால் போர்டில் மூன்று சிப் தெரிய வேண்டும்: ஆட்டத்தின் நிரலுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, பூட்டுச் சிப் ஒன்று. சிப்பின் மேல் கண்ணாடி ஜன்னலோ அதை மறைத்த ஸ்டிக்கரோ மெல்லிய ஒயரோ இருந்தால், மலிவான ஒரு கேட்ரிட்ஜின் சிப்பைப் பிடுங்கிவிட்டு இதை எழுதியிருக்கிறார்கள். ஆடுவதற்கு அது நன்றாகவே ஓடும். சேகரிப்புச் சந்தையில் அதற்கு மதிப்பு அந்த பிளாஸ்டிக் ஓட்டின் விலை, அவ்வளவுதான்.

பூட்டுச் சிப் என்பது இன்னொரு தலைவலி. ஐரோப்பிய என்இஎஸ்ஸில் ஏ, பி என்று இரண்டு பிரிவு. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஒரு பக்கம். மற்ற ஐரோப்பா மறுபக்கம். கேட்ரிட்ஜும் எந்திரமும் வேறு வேறு பிரிவானால் சிவப்பு விளக்கு வினாடிக்கு ஒரு முறை கண்சிமிட்டும், திரை வரவே வராது. பின் அழுக்கானாலும் இதே அறிகுறிதான். ஆகவே முதலில் சுத்தம் செய்து பாருங்கள், பிறகு பிரிவைச் சந்தேகியுங்கள். கோல்டன் சைனா வகை எந்திரத்தில் பூட்டே கிடையாது. 72 பின்னை 60 ஆக்கும் மாற்றுக்கருவி போட்டால் எந்தப் பிரிவும் ஓடும்.

மூன்றாவது நம்முடைய பல்லாயிரம் கேம் கேட்ரிட்ஜ். ஆரம்பக்கால ஃபேமிகாம் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் 24 அல்லது 40 கிலோபைட்தான். அதனால்தான் ரோட் ஃபைட்டர் போன்ற சின்ன ஆட்டங்கள் எல்லாத் தொகுப்பிலும் இடம் பிடித்தன. லேபிளில் 9999999 என்று போட்டிருந்தாலும் பட்டியலைப் புரட்டினால் சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். தொடங்கும் கட்டத்தை மாற்றிப் புதுப் பெயர் சூட்டியிருப்பார்கள். இதற்கு ஆட்டத்தின் பெயரால் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். விலை இருப்பது வேறு இடத்தில்: கோல்டன் சைனா முழுச் செட்டாக, பெட்டி, இரண்டு கட்டுப்பாட்டுக் கருவி, துப்பாக்கி, அடாப்டர், இந்த ஊர்க் கடை ஒட்டிய விலைச்சீட்டு எல்லாம் சேர்ந்து வந்தால் அது இந்த நாட்டின் ஒரு காலத்துச் சான்று. அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். துப்பாக்கி மட்டும் பழைய குழாய் டிவியில்தான் வேலை செய்யும், தட்டைத் திரையில் சுட்டுவிட்டு 'ரிப்பேர்' என்று விலை குறைத்துப் பேச வேண்டாம்.

சோதனையை எப்படிச் செய்வது? சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கிடைத்ததோ, அடகுக் கடையில் கிடைத்ததோ, எதுவானாலும் செருகியதும் வேலை செய்யாவிட்டால் உடனே செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். திரை ஒரே நிறமாக நின்றால் நிரல் பக்கத்துப் பின்களில் தொடர்பு இல்லை. ஆட்டம் ஓடுகிறது, சத்தம் வருகிறது, ஆனால் கார் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் துண்டுமாகச் சிதறிக் கிடக்கிறது என்றால் படச் சிப்புக்குப் போகும் பின்களில் அழுக்கு. இரண்டாவது வகை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். வேறு வழியில்லை என்றால் அதையும் பயன்படுத்தலாம், நன்றாகக் காயவிட்ட பிறகே செருக வேண்டும். பஞ்சைப் பின்னின் நீளவாக்கில் இழுங்கள், குறுக்கே தேய்த்தால் அழுக்கு அடுத்த பின்னுக்கு ஏறும். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை புதிதாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிராஸோ, உப்புத்தாள், ஹேண்டி ஆண்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. திருட்டுப் பதிப்பின் பூச்சு ஒரே தேய்ப்பில் போய்விடும், பிறகு மெரேபேங்க், இசிபிங்கோ போன்ற கடலோரக் காற்றுக்குச் செம்பு பச்சையாகிவிடும். வாயால் ஊதும் வழக்கம் நமக்கெல்லாம் உண்டு. எச்சில் ஈரம் பின்னைத்தான் அரிக்கும்.

படம் வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. ஏ பட்டனை விடாமல் அழுத்தி வேகமானி 400 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கேட்ரிட்ஜைக் குறை சொல்லுமுன் கட்டுப்பாட்டுக் கருவியைப் பாருங்கள். நகல் எந்திரக் கருவியில் டர்போ ஏ என்று இன்னொரு பட்டன் இருக்கும். அது விட்டு விட்டு அழுத்தியதாகவே எந்திரத்துக்குச் சொல்லும், அதனால் கார் ஓட்டத்துக்கு அது உதவாது.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். ஜப்பான் ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். 9 அல்லது 10 வோல்ட், நடுவில் நெகட்டிவ், ஒரு ஆம்பியர் தரும் அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நகல் எந்திரங்களில் நெகட்டிவ், பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். துளைக்கு அருகே உள்ள படக்குறியைப் பார்க்காமல் எதையும் செருகக் கூடாது. உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும். அதன் அவுட்புட் காலில் மல்டிமீட்டர் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 4.7க்குக் கீழே போனால் படம் நடுங்கும், ஆட்டம் நடுவில் உறையும், பழி கேட்ரிட்ஜ் மேல் விழும்.

டிவி பக்கம் அடிக்கடி வரும் புகார்: படம் தெளிவு, சத்தம் இல்லை. ஆன்டெனா வழியாக இணைத்தால் இப்படி ஆகும். தென்னாப்பிரிக்காவின் டிவி முறையான 'பிஏஎல் ஐ'யில் (PAL-I) ஒலி, படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். வேறு நாட்டுக்குச் செய்த நகல் எந்திரம் 5.5இலோ 6.5இலோ அனுப்பும். மஞ்சள், வெள்ளை ஏவி கம்பி இருந்தால் அதிலேயே இணைத்துவிடுங்கள், பிரச்சினையே இல்லை. ஜப்பானின் 1993 ஏவி ஃபேமிகாம் அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சியில் நிறம் தரும். பிஏஎல் மட்டும் தெரிந்த பழைய டிவியில் அது கறுப்பு வெள்ளையாக உருளும். புதுத் தட்டைத் திரையில் படம் வந்துவிடும், ஆனால் பட்டன் அழுத்துவதற்கும் கார் அசைவதற்கும் இடையே ஒரு நொடித்துண்டு தாமதம் இருக்கும். நீலக் கார் முன்னால் வரும்போது அந்தத் துண்டு போதும், வெடித்துவிடும். பொதுவாக 'கேம் மோட்' போட்டால் கொஞ்சம் குறையும்.

இனி விலை. கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. இணையச் சந்தைகளான பாப் ஷாப்பிலோ ஈபேயிலோ விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். அதுவும் வெறும் கேட்ரிட்ஜை வெறும் கேட்ரிட்ஜோடு, பெட்டியைப் பெட்டியோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாமல் நான்கைந்தின் நடுவிலையை எடுங்கள், இரண்டு பேர் போட்டியில் ஏற்றிவிட்ட ஏலம் எப்போதும் ஒன்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்குப் பொருள் 1,000 ரண்ட், அனுப்பும் செலவு 400 ரண்ட் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வாட் 15 சதவீதம், ஆனால் அதை வெறும் 1,000 ரண்டின் மீது போடுவதில்லை. பொருள் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி 1,100 ரண்டின் மீது போடுவார்கள். ஆகவே 165. சுங்கவரி எதுவும் விழாவிட்டாலும் மொத்தம் 1,565 ரண்ட். கூரியரின் கிளியரிங் கட்டணம் தனி. ஒரே ஒரு மலிவான கேட்ரிட்ஜுக்கு இது கட்டுப்படியாகாது, நான்கைந்து சேர்த்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால்தான் கணக்கு நிற்கும். உள்ளூரில் ஒருவர் அதே கேட்ரிட்ஜைக் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் உடனே முகம் சுளிக்க வேண்டாம், இந்தக் கூட்டலை அவரும் போட்டிருப்பார்.

விலையைக் குறைக்க வேண்டிய குறைகள் எவை என்றால், லேபிளில் பேனா எழுத்து, வெயிலில் வெளுத்த பக்கம், பெட்டியின் மூடி மடிப்புக் கிழிசல், துருப்பிடித்த பிடிகம்பி உள்ள கையேடு. பழைய விலைச்சீட்டு குறையே இல்லை, ஆனால் எடுக்க நினைத்தால் மருந்துக் கடை பென்சின் இரண்டு சொட்டு போதும். முதலில் அடிப்பக்க மூலையில் விட்டு மை கரைகிறதா என்று பாருங்கள். மஞ்சளித்த ஓட்டைப் பெராக்சைடு வைத்து வெளுக்கும் வித்தையை லேபிள் ஒட்டிய கேட்ரிட்ஜில் காட்டவே காட்டாதீர்கள்.

எதை வாங்கலாம்? ஆடுவதற்கும் வைத்திருப்பதற்கும் ஜப்பான் கேட்ரிட்ஜ், முடிந்தால் பெட்டியோடு. பால்காம் பதிப்பு, உள் போர்டின் படத்தோடும் திருப்பிக் கொடுக்கும் உறுதியோடும் வந்தால் மட்டும். கோல்டன் சைனா, செட்டாக இருந்தால் மட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு டர்பனின் ஈரத்துக்கு வழி செய்ய வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. மூடி இறுகும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 45க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் அட்டை நலமாக இருக்கும். ஜெல் நிறம் மாறியதும் வாட்டி எடுத்துத் திரும்பப் போடலாம். பிவிசி உறை காலப்போக்கில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிஇடி உறை வாங்குங்கள். ஃபிஷ்மோத் பூச்சிக்கு அட்டையும் லேபிள் பசையும் விருந்து. அதனால் வந்த புதுச் சரக்கை நேரே பழையவற்றோடு வைக்காமல், இரண்டு வாரம் தனி டப்பாவில் வைத்து, அடியில் விரித்த வெள்ளைத் தாளில் செதிலோ கறுப்புப் பொடியோ விழுகிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.